உரிமை வழக்குக் கோவைகளில் உள்ளகப் பயிற்சி: சட்ட மாணவருக்கு அங்கே என்ன வேலை?

திருநெல்வேலி மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வருடச் சட்ட மாணவி. வரும் விடுமுறையில் உள்ளகப் பயிற்சி பெற இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று வழக்கமானது: ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் அலுவலகம், காலையில் நீதிமன்றம், பின்னேரம் நகர்த்தல் பத்திரமும் சத்தியக்கடதாசியும் எழுதிப் பழகுதல். மற்றையது சற்று வேறுபட்டது. 1980களின் தொடக்கத்திலிருந்து ஆட்கொணர்வு மனுக்களையும் (பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோருபவை) அடிப்படை உரிமை மனுக்களையும் பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளையும் நடத்திய ஒரு சட்டத்தரணி முதுமை காரணமாகத் தொழிலை நிறுத்திவிட்டார். அவருடைய வீட்டின் முன்னறை முழுவதும் கோவைகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வீடு விரைவில் கைமாறக்கூடும். அதற்கு முன்னர் அவற்றை ஒழுங்குபடுத்தி, விவரப்பட்டியல் எழுதி, தகுந்த ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க அவர் விரும்புகிறார். சட்டம் தெரிந்த ஒருவரே பட்டியலை எழுத வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

இதைச் சட்டப் பயிற்சி என்று கொள்ளலாமா, அல்லது நூலகப் பணியா? முன்னறையில் அடுக்கியிருக்கும் அந்தக் கோவைகளை ஒரு மாணவி திறந்து வாசிக்க முடியுமா? யாருடைய அனுமதியைப் பெற வேண்டும்? என் வகுப்பில் எவரும் இப்படியொரு பயிற்சிக்குப் போனதில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

வடமராட்சியான்

தங்கச்சி, இத்தொழிலில் கனகாலம் இருப்பவன் என்ற உரிமையில் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். முதலாவது இடத்துக்குப் போங்கள். குறுக்கு விசாரணையைக் கோவையில் வாசித்துக் கற்க இயலாது. ஒரு கேள்விக்கு ஆட்சேபனை எழும்போது நீதிபதி எழுதுவதை நிறுத்துகிறாரா, தொடர்ந்து எழுதுகிறாரா என்பதை அங்கே இருந்து பார்த்தால்தான் அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது என்று விளங்கும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பாரதூரமானது. அந்த அறையில் உள்ளவற்றைக் கையளிக்கும் உரிமை அந்தச் சட்டத்தரணிக்கு முழுமையாக இருக்கிறதா என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் தொழில்முறையில் தெரிவித்தவற்றையும் சட்டத்தரணி அவருக்கு வழங்கிய ஆலோசனையையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடக்கூடாது. வழக்கு முடிந்து, தொழில் தொடர்பு அற்றுப்போன பின்னரும் அந்தக் கடப்பாடு நீடிக்கிறது. 127ஆம் பிரிவு அதே கடப்பாட்டைச் சட்டத்தரணியின் எழுதுநருக்கும் வேலையாளுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் விரிக்கிறது. விடுமுறைக்கு வந்து கோவை அடுக்கும் மாணவி இவர்களுள் யார்? எழுதுநர் என்றால் நீங்களும் கட்டுப்பட்டவர். எழுதுநர் அல்லர் என்றால், உங்களிடம் கோவையைக் காட்டியதே வெளியிடுதல் ஆகிவிடும்.

பயங்கரவாதத் தடைச் சட்டக் கோவைகளை நான் தனியாகவே சொல்ல வேண்டும். பொலிஸார் எழுதிய குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒரு கதை, விளக்கமறியலில் வைத்துக் கட்சிக்காரர் தமது சட்டத்தரணியிடம் சொன்னது இன்னொரு கதை. இரண்டாவது கதையில் மூன்றாம் ஆட்களின் பெயர்கள் இருக்கும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு வந்து எத்தனை பதிற்றாண்டுகள் இருந்தது என்பதை நாம் அறிவோம். அது போனாலும் வேறொரு பெயரில் ஒன்று வரும். அந்தப் பெயர்களில் எவையெவை இன்றும் ஆபத்தானவை என்று மூன்றாம் வருட மாணவி ஒருவரால் எப்படி மதிப்பிட முடியும்?

கோப்பாய் வாசகன்

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் ஸ்கான் செய்து நூலகம் நிறுவனத்திடம் கொடுத்தால் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அதை மறந்துவிட்டா கதைக்கிறோம்?

ஏட்டறை

நான் ஆவணக் காப்பகப் பணியில் இருப்பவன். கோப்பாய் வாசகன் அவர்களின் அவசரம் எனக்கு நன்றாக விளங்குகிறது. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் செய்துவரும் எண்ணிமப் பணி இல்லாவிட்டால் நம் சஞ்சிகைகளிலும் சிறு வெளியீடுகளிலும் பெரும்பகுதியை நாம் இழந்திருப்போம். ஆயினும் அச்சில் வெளிவந்த சஞ்சிகை ஒரு வகை, ஒரு தாய் சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னதைக் குறித்த கடதாசி வேறு வகை. பின்னையதைக் காப்பாற்றும் வேலையை இன்றே தொடங்கலாம். அதைப் பிறருக்குத் திறந்துவிடுவதா என்பதைப் பிறகு, தாளுக்குத் தாள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

வடமராட்சியான் ஐயா எழுப்பிய சட்டப் பிரச்சினை உண்மையானதே. ஆனால் அவர் கோவையை ஒரே பொருளாகக் கொண்டு பேசுகிறார். ஓர் ஆட்கொணர்வு மனுக் கோவையைத் திறந்தால் அதில் பல்வேறு தன்மையுள்ள தாள்கள் இருக்கும். மனு, சத்தியக்கடதாசிகள், எதிர்மனுதாரரின் ஆட்சேபனை, நீதவானின் விசாரணை அறிக்கை, கட்டளை ஆகியவை நீதிமன்றத்தில் தாக்கலானவை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நீதிமன்ற நடவடிக்கைப் பதிவுகளைப் பகிரங்க ஆவணங்கள் என்கிறது, 76ஆம் பிரிவு அவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறும் வழியைச் சொல்கிறது. அடுத்து கடிதப் போக்குவரத்து இருக்கும்: சனாதிபதிக்கு அனுப்பிய தந்தியின் பற்றுச்சீட்டு, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், முகாமிலிருந்து வந்த ‘அவ்வாறான ஒருவர் எம்மிடம் இல்லை’ என்ற ஒரு வரிப் பதில். இவை குடும்பத்துக்கு உரியவை. குடும்பத்தின் சம்மதத்தோடு மட்டுமே காட்டப்பட வேண்டும். கடைசியாக, சட்டத்தரணியின் கையெழுத்தில் உள்ள அறிவுறுத்தற் குறிப்புகளும் (கட்சிக்காரர் சொன்னவற்றைக் குறித்தவை) வரைவுகளும். 126ஆம் பிரிவு காப்பது முதன்மையாக இவற்றைத்தான். இவற்றை மாணவர் வாசிக்கவே தேவையில்லை. ‘கையெழுத்துக் குறிப்பு, ஏழு தாள், மூடப்பட்டது’ என்று பட்டியலில் எழுதி, உறையிலிட்டு, அந்தச் சட்டத்தரணியே உறையின் மேல் ஒப்பமிட்டால் போதும்.

தாளைப் பார்த்தவுடன் அது இவற்றுள் எது என்று சொல்வதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் போன்ற ஆவணக்காரருக்கு வரைவுச் சத்தியக்கடதாசியும் தாக்கலான சத்தியக்கடதாசியும் ஒன்றுபோலவே தெரியும். சமாதான நீதவானின் ஒப்பமும் முத்திரையும் இருக்கின்றனவா, நீதிமன்றப் பதிவகத்தின் திகதி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சட்ட மாணவரே வேண்டும்.

வேலை தொடர்பாகச் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தொலைநகல் தாள்களைத் தேடி எடுங்கள். 1990களில் வந்த தொலைநகல்கள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்துப் பதியும் வழவழப்பான தாளில் உள்ளவை. எழுத்து ஆண்டுக்காண்டு மங்கி, கடைசியில் வெறும் மஞ்சள் தாள்தான் மிஞ்சும். கறையான் அரித்த கோவைகூடக் காத்திருக்கும், தொலைநகல் காத்திராது. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். தாளைத் தட்டையாக வைத்து, ஊசியின் கீழே மெல்லிய பிளாஸ்ரிக் துண்டொன்றைச் செருகி, துருவைத் தளர்த்தி எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னர் எந்தத் தாள் எதனோடு குத்தியிருந்தது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அது வெறும் ஒழுங்குமுறை அல்ல. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால் அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்கிறது. மனுவின் மூலையில் குத்தியிருக்கும் ஆணைக்குழுவின் சிறிய பற்றுச்சீட்டுத்தான் அந்த மனு காலங்கடந்ததல்ல என்பதற்கு ஆதாரம். அதைக் கழற்றி ‘பற்றுச்சீட்டுகள்’ என்ற வேறு உறையில் போட்டால், பிற்காலத்தில் வாசிப்பவர் அந்த மனு ஏன் ஏற்கப்பட்டது என்று விளங்காமல் தவிப்பார்.

ஸ்காபரோ நிலா

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஆனால் சொல்லப்போவது அமெரிக்காவைப் பற்றியது. அங்கே குடிசார் உரிமை ஆவணங்களில் சட்ட மாணவர்கள் வேலை செய்வது புதிய விடயம் அல்ல. பொஸ்ரனில் உள்ள நோர்த்ஈஸ்டேர்ண் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் பேராசிரியர் மார்கரெட் பேர்ண்ஹாம் 2007இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. 1930 முதல் 1954 வரை தென் மாநிலங்களில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் வழக்குகளை மாணவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, மரணச் சான்றிதழ், மரண விசாரணைப் பதிவு, கூட்டாட்சி நீதித் திணைக்களக் கோவை, பழைய பத்திரிகைச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து, உயிரோடிருக்கும் உறவினரையும் தேடிப்பிடித்து, முழுக் கோவையாக்குகிறார்கள். அவர்களுடைய ஆவணத் தொகுப்பு 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ ஆயிரம் பேரின் கதைகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் எவரும் தண்டிக்கப்படவில்லை. பல வழக்குகளில் ‘அறியப்படாதோரின் கையால் மரணம்’ என்பதே அக்கால விசாரணையின் முடிவாக இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டபீடத்தில் இருக்கும் குடிசார் உரிமை வழக்குத் தொகுப்பகம் இதிலிருந்து வேறுபட்டது. பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் 2005இல் தொடங்கியது. சிறைகள், பாடசாலைகள், பொலிஸ், வாக்குரிமை பற்றிய பெரிய வழக்குகளின் ஆவணங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கியது, எந்தக் கட்டளை எப்போது பிறந்தது, எப்படி நடைமுறைக்கு வந்தது என்று மாணவர்கள் சுருக்கம் எழுதுகிறார்கள். இரண்டிலும் மாணவர்களின் தொழில் எழுதுவதுதான், பெட்டி தூக்குவது அல்ல.

வடமராட்சியான் ஐயாவின் அச்சத்துக்கும் அங்கே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மிசிசிப்பி மாநில அரசு 1956இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, நிறப்பாகுபாட்டுக்கு எதிராக இயங்கியவர்களை வேவு பார்த்தது. 1977இல் அதைக் கலைத்தபோது கோவைகளை 2027 வரை மூடிவைக்குமாறு சட்டமன்றம் விதித்தது. வழக்குத் தொடரப்பட்டு, நீண்ட இழுபறியின் பின்னர், 1998இல் நீதிமன்றக் கட்டளைப்படி அவை திறக்கப்பட்டன. திறப்பதற்கு முன்னர், வேவு பார்க்கப்பட்டவர்கள் தம் பெயரை மறைக்குமாறு கேட்பதற்கு வாய்ப்பளிக்கப்பட்டது. திறந்தே தீர வேண்டும் என்று போராடியவர்களுக்குள்ளேயே இதைப் பற்றிக் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. பெயர் இல்லாத கோவை அரசையே காப்பாற்றும் என்றனர் ஒரு சாரார். அரசு திருடிச் சேர்த்த அந்தரங்கத்தை இன்னொரு தடவை பரப்புவதா என்றனர் மறு சாரார்.

வடமராட்சியான்

நிலா தங்கச்சி சொன்னவை பயனுள்ளவை. ஆனால் அங்கே பல்கலைக்கழகம் பின்னால் நிற்கிறது, நீதிமன்றம் மேற்பார்க்கிறது. இங்கே ஒரு மாணவியும் ஒரு முதியவரும் ஒரு முன்னறையும். அரச அலுவலகத்தின் ஏடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஏடுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் பேணுமாறு பகிரங்க அதிகாரசபைகளைக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் சட்டத்தரணியின் அலுமாரிக்கு இவை எதுவும் இல்லை. யாராவது ஒரு கட்டளையோடு வந்து பெட்டிகளைத் தூக்கிச் சென்றால் மாணவி என்ன செய்வார்?

தாள்களை ஏட்டறை அவர்கள் வகை பிரித்ததை ஏற்கிறேன். தாக்கலான ஆவணங்களைப் பற்றி எனக்கு ஆட்சேபனை இல்லை. பழைய மனுக்களுக்குப் பெறுமதி இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 1996இல் நாவற்குழியில் காணாமலாக்கப்பட்ட இளைஞர்கள் தொடர்பில் 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலாயின. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் அப்படியொரு மனுவை எழுதுபவருக்குத் தாயின் ஞாபகத்தை விட அக்காலத்து முறைப்பாட்டின் பிரதியே பெரிய பலம். 2009 மேயில் போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தோர் தொடர்பான மனுக்களிலும் அப்படித்தான். வவுனியா மேல் நீதிமன்றத்துக்குச் சென்று, முல்லைத்தீவு நீதவானின் விசாரணைக்கு அனுப்பப்பட்டு, 2022 டிசெம்பரில் கட்டளை பிறக்கும் வரை பாதுகாத்து வைத்த சிறு கடதாசிகள்கூடப் பயன்பட்டன. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கையில் அடிப்படை உரிமை மீறல் வெளித்தோற்றத்தில் தெரிந்தால் அரசியலமைப்பின் 126(3)ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டை மாணவர்கள் பாடத்தில் படிக்கிறார்கள். அதற்கான விண்ணப்பத்தை எந்தக் கட்டத்தில், எந்தச் சொற்களில் முன்வைத்தார்கள் என்பது சட்ட அறிக்கையில் இராது, கோவையில்தான் இருக்கும். ஆனாலும் தள்ளுபடியான மனுக்கள்தான் அதிகம். அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

தென்மராட்சி

நான் சட்டம் படித்தவள் அல்லள். தள்ளுபடியான மனு ஒன்றின் சொந்தக்காரி என்பதால் எழுதுகிறேன். 1996இல் என் தம்பியைக் கொண்டுசென்றார்கள். அம்மா மனுத் தாக்கல் செய்தார், அது தள்ளுபடியாயிற்று. எங்களிடம் இருந்த பிரதி 2000ஆம் ஆண்டுத் தென்மராட்சி இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. வழக்கிலக்கம் தெரியாததால் பிறகு பிரதி கேட்டுப் போன இடத்தில் தேட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்காகப் பேசிய சட்டத்தரணி காலமாகிவிட்டார். அவருடைய கோவைகள் எங்கே என்று வீட்டாருக்கும் தெரியவில்லை.

2025 ஓகஸ்டில் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் அகழ்ந்தெடுத்த உடைகளையும் பொருள்களையும் நீதிமன்றக் கட்டளைப்படி பொதுமக்களுக்குக் காட்டியபோது நானும் அக்காவும் போயிருந்தோம். தம்பி அன்று போட்டிருந்த சேர்ட்டு கோடு போட்டது என்கிறேன் நான். சிறிய கட்டம் போட்டது என்கிறாள் அக்கா. இவ்வளவு காலத்தில் இருவரும் வேறு வேறாகவே நினைத்து வைத்திருக்கிறோம். அம்மா இப்போது இல்லை. அவர் தமது சத்தியக்கடதாசியில் அதைக் கட்டாயம் சொல்லியிருப்பார், ஏனென்றால் அந்தச் சேர்ட்டைத் தைக்கக் கொடுத்தவரே அவர்தான்.

வடமராட்சியான் ஐயா, தள்ளுபடியான மனுவை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். நாங்கள் அதை வாசிப்போம். இரகசியம் யாருடையது என்று இங்கே பெரியவர்கள் விவாதிக்கிறீர்கள். எங்களுடைய இரகசியத்தை எங்களிடமிருந்தே மறைத்து வைப்பதில் என்ன நீதி இருக்கிறது என்று விளங்கவில்லை. பட்டியல் எழுதியதும் முதலில் குடும்பங்களுக்கு அறிவியுங்கள். ஆராய்ச்சியாளர்கள் பிறகு வரலாம்.

ஏட்டறை

தென்மராட்சி அக்கா எழுதியதன் பின்னர், பட்டியலில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பதை நாம் மீண்டும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான விவரப்பட்டியலில் வழக்கிலக்கம், நீதிமன்றம், திறந்த திகதி, முடிந்த திகதி, தாள்களின் எண்ணிக்கை ஆகியவையே இருக்கும். உரிமை வழக்குக் கோவைக்கு அது போதாது. கொண்டுசெல்லப்பட்ட இடம், நேரம், கண்டவர் யார், வாகனம், சீருடை, அன்று அணிந்திருந்த உடை, உடலில் இருந்த அடையாளம், பல் கட்டியதா, எலும்பு முறிந்து பொருந்தியதா என்பனவற்றையும் சத்தியக்கடதாசியிலிருந்து எடுத்து எழுத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ‘சத்தியக்கடதாசி, தாய், தமிழ், தட்டச்சு, நான்கு தாள். 5ஆம் பந்தி: நீலச் சாரம், அரைக்கை வெள்ளைச் சேர்ட்டு. 6ஆம் பந்தி: இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு.’ பந்தி இலக்கம் முக்கியமானது. தடயவியல் குழுவோ, காணாமற்போனோர் பற்றிய அலுவலகமோ கேட்டால், பட்டியலைக் கொடுக்காமல் அந்தப் பந்தியை மட்டும் குடும்பத்தின் சம்மதத்தோடு கொடுக்கலாம். ஆயிரம் கோவைகளை உடைவாரியாகத் தேடவும் அப்போதுதான் முடியும். மனித உரிமை ஆவணங்களுக்கெனவே உருவான உவாசி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் தொடக்கத்துக்கு இணையத்தோடு இணைக்காத ஒரு மடிக்கணினியும் ஒழுங்கான அட்டவணையும் போதும்.

தள்ளுபடியான மனு பற்றிச் சிலி நாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். பினோசேயின் இராணுவ ஆட்சியில் சந்தியாகோ கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் ஒருமைப்பாட்டு அலுவலகம் 1976 முதல் 1992 வரை இயங்கியது. அங்கிருந்த சட்டத்தரணிகள் ஆயிரக்கணக்கான ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். நீதிமன்றங்கள் அவற்றை ஏறக்குறைய முழுமையாகவே நிராகரித்தன. நிராகரிக்கப்படும் என்று தெரிந்தே எழுதினார்கள். 1990இல் உண்மை ஆணைக்குழு அமைந்தபோது, யார், எப்போது, எங்கே என்ற விவரம் அந்தக் கோவைகளில் முன்னரே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

கலட்டி வாசி

இந்த வகைப் பயிற்சியை முடித்தவன் என்ற முறையில் சில சொற்கள். எங்கே, யாரிடம் என்பதைச் சொல்ல மாட்டேன், அதுவும் நிபந்தனைகளுள் ஒன்று.

சட்டப் பயிற்சியா என்ற கேள்விக்கு என் பதில்: நான் சட்டத்தைக் காலத்தோடு சேர்த்து வாசிக்கப் பழகியது அங்கேதான். சட்ட அறிக்கையில் தீர்ப்பு மட்டுமே இருக்கும். கோவையில் தவணைகள் இருக்கும். ‘எதிர்மனுதாரர் ஆட்சேபனை தாக்கல் செய்யக் கால அவகாசம் கோருகிறார், வழங்கப்பட்டது’ என்ற ஒரே வரி, வேறு வேறு திகதியோடு, வேறு வேறு நீதிபதியின் கையெழுத்தில், பக்கம் பக்கமாகத் தொடரும். ஒவ்வொரு தவணைக்கும் மனுதாரர் எங்கிருந்து எப்படி வந்தார் என்பதை அலுவலகக் கணக்குத் துண்டிலிருந்த பஸ் கட்டணத்தில்தான் கண்டேன். வழக்கு வடக்குக்கு வெளியே மாற்றப்பட்டால் ஏடு சிங்களத்துக்கு மாறும். அதன் பிறகு மனுதாரர் தமது வழக்கின் கட்டளையையே மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் அறிவார். 2017இல் வவுனியாவிலிருந்து அனுராதபுரத்துக்கு வழக்கை மாற்றியதற்கு எதிராகக் கைதிகள் ஏன் உண்ணாவிரதம் இருந்தார்கள் என்பது இப்படிப்பட்ட கோவையொன்றை வாசித்தவருக்கு விளங்கும்.

எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். கைபேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ‘ஒரேயொரு படம்’ என்று எடுத்து வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவதுதான் உண்மையான கசிவு, பொலிஸார் வந்து பெட்டி தூக்குவது அதற்குப் பிறகுதான். சித்திரவதை பற்றிய சட்ட மருத்துவ அறிக்கைகளைத் தொடர்ந்து நாள் முழுவதும் வாசிக்க வேண்டாம். அவற்றுக்கிடையே காணி வழக்குக் கோவைகளை வைத்துக்கொள்ளுங்கள். என்னை மேற்பார்த்தவர் வாரத்தில் ஒரு முறை வேலையை நிறுத்திவிட்டு என்ன வாசித்தாய் என்று கேட்பார். அப்படிக் கேட்க ஒருவர் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். கொடுப்பனவு கிடையாது என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ளுங்கள். தூர இடத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல, இப்படியான பயிற்சிகளுக்கு நகரத்துப் பிள்ளைகளே போகிறார்கள் என்பது என் நீண்டகால ஆதங்கம்.

திருநெல்வேலி மாணவி

எல்லோருக்கும் நன்றி. அந்தச் சட்டத்தரணியோடு இன்று கதைத்தேன். எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்வோம் என்கிறார். வரைவு இதுதான்: பயிற்சிக்காலத்தில் நான் அவருடைய எழுதுநராகக் கருதப்படுவேன், 127ஆம் பிரிவின் கடப்பாட்டை ஏற்கிறேன். அறிவுறுத்தற் குறிப்புகளை வாசிக்க மாட்டேன், அவரே பிரித்து உறையிடுவார். பட்டியலின் ஒரே பிரதி அவரிடம் இருக்கும். வீட்டுக்கு வெளியே எந்தத் தாளும் போகாது. பட்டியல் முடிந்ததும், முகவரி தெரிந்த குடும்பங்களுக்கு அவர் பெயரில் கடிதம் அனுப்பப்படும். அவர்கள் தம் கோவையின் பிரதியைப் பெறலாம், காப்பகத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். பதில் வராதவை மூடிய நிலையிலேயே காப்பகத்துக்குப் போகும். வடமராட்சியான் ஐயா, இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களா?

வடமராட்சியான்

பரவாயில்லை, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும்.

பட்டியலின் ஒரே பிரதி அவரிடம் இருக்கும் என்பது சரிவராது. அவர் முதியவர், வீடோ விற்பனைக்கு இருக்கிறது. முத்திரையிட்ட இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு சட்டத்தரணியிடம் கொடுத்து வைக்க வேண்டும், அவரும் 126ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார். அதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ‘பதில் வராதவை’ என்பதில், கடிதம் திரும்பி வந்ததையும் கடிதம் கிடைத்தும் பதில் எழுதாததையும் பிரித்து எழுதுங்கள். இடம்பெயர்ந்து முகவரி மாறியவரின் மௌனத்துக்கும், வேண்டாம் என்று நினைப்பவரின் மௌனத்துக்கும் ஒரே விளைவைக் கொடுக்கக்கூடாது. முன்னவரைக் கிராம அலுவலர் ஊடாகத் தேடப்போகிறோம் என்று நினைத்தால் அதையும் கைவிடுங்கள். எந்த வழக்குக்காகத் தேடுகிறார்கள் என்று ஊர் முழுவதும் தெரிந்துவிடும்.

இன்னொரு வாசகத்தையும் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணம் சின்ன இடம். அந்த அறையில் உங்கள் ஊரவரின் பெயர் வரும், உறவினரின் பெயரும் வரக்கூடும். கைது செய்யப்பட்டவராக வந்தால் தாங்கிக்கொள்ளலாம், காட்டிக்கொடுத்தவராகவும் வரலாம். அப்படித் தெரிந்த பெயர் கண்ணில் பட்டால், அந்தக் கோவையை அந்த இடத்திலேயே மூடி, பட்டியலில் இலக்கத்தை மட்டும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுக்க வேண்டும். ஏன் என்று அவரும் கேட்கக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. இந்த வாசகத்தை நீங்கள் இருவரும் ஒப்பமிட்ட பின்னர் முதல் பெட்டியைத் திறவுங்கள்.